ஏழாவது வண்டியின் முன்கண்ணாடி

கலுஸ்தியன் வீட்டு வண்டிகளில் சுங்க டேக் ஒட்டுவது மிஹ்ரான் ஒருவருடைய வேலை. வேறு யாரும் தொடக் கூடாது என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லும்படி யாரும் வைத்துக்கொண்டதும் இல்லை. அவருடைய வண்டி, பிள்ளைகள் மூவரின் வண்டிகள், சித்தப்பா மகன்கள் இருவரின் வண்டிகள், தங்கை அராக்ஸியின் வண்டி என்று மொத்தம் ஏழு. ஏழிலும் முன்கண்ணாடியின் உச்சியில், கூரைக்கு இரண்டு விரல் கீழே, சீட்டுக்கட்டு அளவுள்ள அந்த வெள்ளைப் பெட்டி மயிரிழை சாயாமல் நிற்கும்.

வூஸ்டர் நகரில் நாற்பத்தொரு வருடம் சலவைக் கடை நடத்தியவர் அவர். சட்டைக் காலரில் ஒரு சுருக்கம் தெரிந்தால் மறுபடி நனைத்துத் தேய்த்துத்தான் கொடுப்பார். அப்படிப்பட்டவர் கண்ணாடியில் கோணலைப் பொறுப்பாரா? ஸ்பிரிட்டில் நனைத்த பருத்தித் துணியால் கண்ணாடியை இரண்டு தடவை துடைப்பார். ஈரம் காய்ந்த பிறகு பெட்டியின் முதுகில் ஒட்டுப்பட்டைகளைப் பதித்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் யாரும் அவரோடு பேசுவதில்லை. பனிக்காலம் முடிந்ததும் ஒவ்வொரு வீடாகப் போய் ஆட்டிப் பார்ப்பார். குளிரில் பட்டை விறைத்துப் பிடி விட்டிருந்தால் புதுப் பட்டை போட்டுவிட்டுத்தான் காப்பி குடிப்பார்.

அவர் வகுத்த சட்டம் ஒன்று எல்லா வீட்டுக்கும் மனப்பாடம். கண்ணாடியின் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள் அச்சிட்டிருப்பார்கள் அல்லவா, அங்கே மட்டும் ஒட்டக் கூடாது. அந்த இடம் சொரசொரப்பு. பட்டை பிடிக்காது.

ஏழு டேக்குகளும் ஒரே கணக்கில், மிஹ்ரான் பெயரில் இருந்தன. வெளியார் இதைக் கேட்டால் பணக்காரத் திமிர் என்று நினைப்பார்கள். அது அப்பா கரபெட் காலத்து முறை.

கரபெட் அமெரிக்காவில் முதலில் கால் வைத்தது வாட்டர்டவுனில், ஒரு ரப்பர் தொழிற்சாலையில். கல்யாணமாகி வூஸ்டருக்குக் குடிவந்து ஓர் ஊசி ஆலையில் சேர்ந்த பிறகும், ஆகஸ்டில் புதுத் திராட்சையை ஆசீர்வதிக்கும் திருநாளுக்கு வாட்டர்டவுன் ஆர்மீனியக் கோயிலுக்குத்தான் போவார். தனியாகப் போக மாட்டார். தம்பி, மைத்துனன், ஊர்க்காரர் இருவர் எல்லோரும் வண்டி எடுத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலுக்கு வந்துவிட வேண்டும். பச்சை நிற பிளிமத்தில் அவர் முன்னே போவார். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் முந்தாமல் பின்னே வருவார்கள். நெடுஞ்சாலையில் ஏறும்போது ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் அட்டைச் சீட்டு தருவார்கள். வெஸ்டன் சுங்கச் சாவடியில் சீட்டைக் கொடுத்துப் பணம் கட்ட வேண்டும். அங்கே கரபெட் கண்ணாடியை முழுக்க இறக்குவார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். எண்ணி மடித்து வைத்திருந்த நோட்டுகளை நீட்டி, "பின்னாடி வர்ற நாலு வண்டியும் எங்க வீட்டு வண்டிதான்" என்பார். அவ்வளவுதான். ஊசி ஆலையில் நாள் முழுக்க நின்று சம்பாதிப்பவர், அந்த ஒரு வாக்கியத்துக்காக வருடம் முழுவதும் முதுகை நிமிர்த்திக்கொண்டு நடந்தார் என்று மிஹ்ரானுக்குத் தோன்றும்.

அட்டைச் சீட்டைப் பிடித்துக்கொள்ளும் உரிமைக்குப் பின் இருக்கையில் சண்டை நடக்கும். ஒரு வருடம் அது ஐந்து வயது அராக்ஸிக்குக் கிடைத்தது. காற்றில் பறந்துவிடுமோ என்ற பயத்தில் அவள் அதைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டே வந்தாள். சாவடிக்காரர் சீட்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்து, "இது எந்த ஊர்ச் சீட்டு? எலி ஊரா?" என்று கேட்டார். அம்மா சிரித்துச் சிரித்துத் தலைக்குட்டை நழுவிப் போனது. திராட்சையை ஆசீர்வதிக்கும் வரை ஒரு பழம்கூட வாயில் போடக் கூடாது என்பதால் அன்றெல்லாம் எல்லோருக்கும் பசியும் சிரிப்பும் ஒன்றாகவே வரும்.

அப்பா போனார். முன்வண்டி மிஹ்ரானுடையதாயிற்று. பிறகு டேக் வந்தது. சாவடியில் நிற்க வேண்டியதில்லை, யாரிடமும் எதையும் நீட்ட வேண்டியதில்லை என்று ஊரே கொண்டாடியபோது மிஹ்ரான் மட்டும் இரண்டு வாரம் யோசித்தார். பிறகு எல்லா வண்டிக்கும் தன் பெயரில் வாங்கி வந்தார். சில வருடம் முன்பு சாவடிகளையே இடித்துப்போட்டுவிட்டு, சாலைக்குக் குறுக்கே உயரத்தில் இரும்புச் சட்டம் நிறுத்தினார்கள். வண்டி வேகம் குறையாமல் அடியில் போகிறது, மேலே ஏதோ ஒன்று டேக்கைப் பார்த்துக்கொள்கிறது. டேக் தெரியாத வண்டியென்றால் நம்பர் பிளேட்டைப் படம் பிடித்து, வண்டிக்காரர் வீட்டுக்குப் பணம் கேட்டுச் சீட்டு அனுப்புகிறது. போகலாம் என்று காட்டும் பச்சை விளக்கும் இல்லை, நன்றி சொல்ல ஆளும் இல்லை. மாதக் கடைசியில் வரும் தாளில் அந்த ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே ஏழு டேக் எண்கள் வரிசையாக இருக்கும். மிஹ்ரான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதைப் படிப்பார். அவருக்கு இப்போது சாவடி அதுதான்.

போன வருடம் அந்தத் தாளில் ஆறுதான் இருந்தன.

அராக்ஸியின் எண் இல்லை. ஆனால் அவள் வண்டி வந்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். கடைசி வண்டியாக, அவள் கணவன் பெட்ரோஸ் ஓட்ட, கோயில் வாசல் வரை பின்னாலேயே வந்தது. அப்படியானால் ஒன்றுதான் நடந்திருக்க முடியும். டேக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அண்ணன் பணத்தில் போக மாட்டேன் என்று சொந்தப் பணம் கட்டிக்கொண்டு பின்னால் வந்திருக்கிறாள்.

அதற்குக் காரணமும் இருந்தது. அந்த வருட வசந்தத்தில்தான் அம்மாவின் கல்லறைக்குக் கல் வைத்தார்கள். ஆர்மீனிய எழுத்தில் மட்டும்தான் பெயர் இருக்க வேண்டும் என்று மிஹ்ரான் சொன்னார். பேரப் பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியாதே, கீழே ஆங்கிலத்திலும் பொறிக்கலாம் என்று அராக்ஸி சொன்னாள். தெரியாவிட்டால் படித்துக்கொள்ளட்டும் என்று மிஹ்ரான் முடித்துவிட்டார். "உனக்கு யாரும் வேண்டாம். நீ ஒருத்தனே குடும்பம்" என்று சொல்லிவிட்டு அவள் போனாள். அந்த வசந்தத்தில் அவர் அவள் வீட்டுக்கு மட்டும் டேக் பார்க்கப் போகவில்லை.

ஆறு எண்களைப் பார்த்த பிறகு அவர் தங்கையோடு பேசவே இல்லை. அவளும் பேசவில்லை. ஜனவரி ஆறாம் தேதி ஆர்மீனியக் கிறிஸ்துமஸ் வந்தது, தலைவலி என்று சொல்லி அனுப்பினாள். ஈஸ்டருக்கு வருடா வருடம் அவள் கையால் மாவைச் சடைபோல் பின்னிச் சுட்டு அனுப்பும் சோரெக் ரொட்டி வரவில்லை. மிஹ்ரானின் மனைவி நெவார்ட் கடையில் வாங்கி வந்தாள். அவர் ஒரு துண்டு எடுத்து, தட்டிலேயே வைத்துவிட்டார்.

இந்த வருடத் திராட்சை ஞாயிறுக்கு இரண்டு வாரம் முன்பு, மிஹ்ரானின் டேக்கே செத்துப்போனது. உள்ளே இருக்கும் பேட்டரிக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆயுள் இல்லை என்று சொல்லிப் புதிது அனுப்பினார்கள். ஞாயிறுக்கு முந்தைய வியாழக்கிழமை அது வந்தபோது நெவார்ட் சாப்பாட்டு மேசையில் உறையைப் பிரித்தாள். பெட்டியோடு மடித்த காகிதம் ஒன்று விழுந்தது.

"அத குப்பையில போடு" என்றார் மிஹ்ரான்.

"எல்லா தடவையும் போடறீங்க. ஒரு தடவ படிச்சா என்ன கொறஞ்சு போவீங்க?"

"ஒட்டறது எப்படின்னு எனக்குச் சொல்லித் தரப் போறானா?"

நெவார்ட் அவர் பேச்சைக் காதில் வாங்கவில்லை. காகிதத்தை எட்டிப் பிடித்து உரக்கப் படித்தாள். சில வண்டிகளில் முன்கண்ணாடிக்குள் கண்ணுக்குத் தெரியாத உலோகப் படலம் இருக்கும். வெயிலைத் தடுக்கவும் பனியை உருக்கவும் போடுவது. அந்தப் படலம் டேக்கின் அலையை மறைத்துவிடும். அப்படிப்பட்ட வண்டிகளில் கறுப்புப் புள்ளிகள் அச்சிட்ட இடத்தில்தான் ஒட்ட வேண்டும், படலம் இல்லாத இடம் அதுதான். கீழே வண்டிகளின் பட்டியல்.

நெவார்டின் விரல் பட்டியலில் இறங்கி நின்றது. "இது பெட்ரோஸ் அண்ணன் போன வருஷம் ஜூலையில வாங்கின வண்டியில்ல?"

மிஹ்ரான் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். காகிதத்தை வாங்கித் தானே படித்தார். மறுபடி படித்தார். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு இல்லை என்பதை அவர் சொல்லவே இல்லை என்று நெவார்ட் பிற்பாடு சொன்னாள்.

வெள்ளிக்கிழமை முழுவதும் போராட்டம். அவள் டேக்கைப் பிடுங்கியிருந்தால், இவர் போய் வாசலில் நிற்பது அவமானம். பிடுங்கவில்லையென்றால் அதைவிடப் பெரிய அவமானம்: ஒரு குற்றமும் செய்யாத தங்கையை ஒரு வருடம் ஒதுக்கிவைத்தவர் ஆகிறார். எந்தப் பக்கம் திரும்பினாலும் தலை குனிய வேண்டியிருந்தது. தலை குனிவது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வாசலில் வண்டிகள் வந்து நிற்கும்போது ஆறு நின்றால் என்ன செய்வது? இந்த வருடம் வருவதாக அராக்ஸி யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இருவருக்கும் வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஒரு முறை விட்டுப்போன வரிசை மறுபடி சேரும் என்று எதை நம்பி இருப்பது?

சனிக்கிழமை மதியம் அவர் வெள்ளைச் சட்டை போட்டு, டையும் கட்டிக்கொண்டு, ஸ்பிரிட் புட்டியும் துணியும் ஒட்டுப்பட்டைகளும் ரசமட்டமும் உள்ள பழைய தகரப் பெட்டியோடு தங்கை இருக்கும் ஷ்ரூஸ்பெரிக்கு வண்டியை விட்டார்.

அராக்ஸி வீட்டு வாசலில் அந்தச் சாம்பல் நிற வண்டி நின்றிருந்தது. மிஹ்ரான் அழைப்பு மணியை அடிக்கவில்லை. நேரே வண்டிக்கு முன்னால் போய், இரண்டு கைகளாலும் வெயிலை மறைத்துக்கொண்டு கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார்.

டேக் இருந்தது.

கூரைக்கு இரண்டு விரல் கீழே, பின்பார்வைக் கண்ணாடிக்கு வலப்பக்கம், மயிரிழை சாயாமல். புள்ளிகளைத் தொடாமல் அரை அங்குலம் தள்ளி. அவர் கையால் ஒட்டியதைப் போலவே இருந்தது.

"கார் திருடறவன் டை கட்டிக்கிட்டு வந்து இப்பதான் பாக்கறேன்" என்று பின்னால் குரல் கேட்டது. பெட்ரோஸ். கையில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய்.

"மாப்ளே" என்றார் மிஹ்ரான். டேக்கைக் காட்டினார். "இத யாரு ஒட்டினது?"

"நான்தான். நீங்க வரல. என்ன பண்ணச் சொல்றீங்க? அளவுகோல் வெச்சு அளந்து ஒட்டினேன். உங்க தங்கச்சி பக்கத்துல நின்னு, அண்ணன் பாத்தா திட்டும், அண்ணன் பாத்தா திட்டும்னு மூணு தடவ கழட்ட வெச்சா."

"இந்தக் கண்ணாடியில அங்க ஒட்டக் கூடாது. புள்ளி மேல ஒட்டணும்."

பெட்ரோஸ் குழாயைக் கீழே போட்டார். "மச்சான், புள்ளி மேல ஒட்டாதே, ஒட்டாதேன்னு முப்பது வருஷமா கத்தினது யாரு? எங்க தாத்தாவா?"

அதற்குள் அராக்ஸி வாசலுக்கு வந்துவிட்டாள். அண்ணனைப் பார்த்ததும் நின்றாள். வா என்று சொல்லவில்லை. உள்ளே திரும்பிப் போய் ஒரு கடிதத்தோடு வந்தாள்.

"இதுக்குத்தான் வந்தியா? இத முதல்ல பாரு."

நெடுஞ்சாலைக்காரர்கள் சுங்கப் பணம் கேட்டு அவர்கள் வீட்டுக்கு அனுப்பிய சீட்டு. வண்டியின் பின்புறத்தைப் பிடித்த படமும் புது நம்பர் பிளேட்டும் அதில் இருந்தன. போன வருடம் திராட்சை ஞாயிறு தேதி.

"எங்க வண்டிய உன் கணக்குலேர்ந்து எடுத்துட்டே" என்றாள் அராக்ஸி. குரல் உயரவில்லை. "எடுக்கறவன் சொல்லிட்டு எடுத்திருக்கலாம். பின்னாலேயே வர விட்டே. கோயில்ல பக்கத்துல நின்னு திராட்சை வாங்கினே. அப்புறம் சர்க்கார்காரன் போட்டோ புடிச்சு அனுப்பறான், இது உங்க வீட்டு வண்டி இல்ல, தனி வண்டின்னு. அப்பா இருந்திருந்தா நடக்குமா இது?"

"நான் எடுக்கல."

"பின்ன?"

"நீ டேக்க பிடுங்கிட்டேன்னு நான் நெனச்சேன்."

"நானா?"

"தாள்ல ஆறுதான் இருந்துது."

கீழே போட்ட குழாயிலிருந்து தண்ணீர் ஓடி மிஹ்ரானின் பளபளப்பான ஷூவைச் சுற்றித் தேங்கியது. அவர் நகரவில்லை.

பெட்ரோஸ்தான் முதலில் வாய் திறந்தார். "ஒரு போன். ரெண்டு பேர்ல ஒருத்தர் ஒரே ஒரு போன் பண்ணியிருந்தா போதும். ஒரு வருஷம் நான் கடை ரொட்டி தின்னேன். இவ கோவத்துல மாவே பெசையல."

"நாங்களும்தான் தின்னோம்" என்றார் மிஹ்ரான்.

"அண்ணிக்குக் கட ரொட்டி ஆகாதே" என்றாள் அராக்ஸி, அவளையும் மீறி.

மிஹ்ரான் தகரப் பெட்டியைத் திறந்தார். முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, மெல்லிய நைலான் நூலைப் பட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவே விட்டு அறுப்பதுபோல் இழுத்தார். பெட்ரோஸ் ஒட்டியது லேசில் வரவில்லை. "நல்லா ஒட்டியிருக்கே, மாப்ளே" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு. புள்ளிகள் உள்ள இடத்தை ஸ்பிரிட்டால் இரண்டு தடவை துடைத்தார். ஈரம் காயக் காத்திருந்தார். புதுப் பட்டைகளைப் பதித்து, ரசமட்டத்தில் குமிழி நடுவுக்கு வந்ததும், உள்ளங்கையால் பெட்டியை அழுத்தினார்.

அராக்ஸி மறுபக்கக் கதவைத் திறந்து ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் அழுத்திக்கொண்டிருக்கும்போது யாரும் பேசக் கூடாது என்பது அவளுக்கும் தெரியும். இருந்தும் பேசினாள்.

"கல்லு விஷயத்துல நான் சொன்னது தப்பு இல்ல."

"பின்பக்கம் வெறுமையாத்தான் இருக்கு" என்றார் மிஹ்ரான், கண்ணாடியைப் பார்த்தபடியே. "பின்பக்கம் ஆங்கிலத்துல போடலாம்."

"முன்பக்கம் கீழ."

"பின்பக்கம்."

"சரி, பின்பக்கம். எழுத்து பெருசா இருக்கணும்."

"இருக்கட்டும்."

அவர் கை வலித்தது. தோளில் பழைய வலி. இருந்தாலும் எடுக்கவில்லை. பெட்ரோஸ் இரண்டு கோப்பைக் காப்பியோடு வந்து கதவருகே நின்றார்.

"கைய எடு. ஒட்டிக்கிச்சு" என்றாள் அராக்ஸி.

"புள்ளி மேல. சொரசொரப்பு. கூடுதல் நேரம் வேணும்."

கையை எடுத்தபோது பெட்டி நேராக நின்றது. இறங்கிப் போய் நம்பர் பிளேட்டை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்தார். புது எண்ணைக் கணக்கில் சேர்க்க வேண்டும். பிறகுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. சித்தப்பா மகன் ஓஹன் போன வாரம் புது வண்டி எடுத்திருக்கிறான். அதுவும் அந்தப் பட்டியலில் இருந்த வண்டிதான். நாளைக் காலை வரிசைக்கு அதைத்தான் கொண்டு வருவான். மிஹ்ரான் இன்னும் போகாததால் அவனும் இன்றைக்கு அளவுகோல் வைத்து, புள்ளிகளைத் தவிர்த்து, அண்ணன் சொன்னபடியே ஒட்டிக்கொண்டிருப்பான். அவன் தம்பி வீட்டிலும் அதே சட்டம்தான். பிள்ளைகள் வீட்டிலும் அதேதான். நாளைக்கு அவர்களும் புது வண்டி எடுப்பார்கள்.

"போன் இருக்கா?" என்று கேட்டார்.

சமையலறையில் உட்கார்ந்து முதலில் ஓஹனை அழைத்தார். அராக்ஸி ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டுக்கொண்டாள். பெட்ரோஸ் கதவில் சாய்ந்து நின்றார். எழுபத்து நான்கு வருடத்தில் அண்ணன் வாயில் வராத ஒரு சொல் இப்போது வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதைக் கேட்காமல் எழுந்து போவதாக இல்லை.

"ஓஹன், நான் மிஹ்ரான் பேசறேன். உன் புது வண்டியில டேக்க புள்ளி மேல ஒட்டு. ஆமா, புள்ளி மேலதான். இத்தன நாளா நான் சொன்னது…" அவர் நிறுத்தினார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். அராக்ஸி முன்னால் சாய்ந்தாள். "நான் சொன்னது தப்பு."



"யாரு பேசறது?" என்று கேட்டான் ஓஹன்.

அராக்ஸி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மிஹ்ரான் முதுகை நிமிர்த்தி, போனை மறு காதுக்கு மாற்றி, முதலிலிருந்து மறுபடி சொன்னார். இன்னும் நான்கு வீடு பாக்கி இருந்தது.